முதலில் பாட்டைக் கேளுங்கள், பிறகு ஊரைக் கேளுங்கள்

சனிக்கிழமை மாலை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நான்கு நாட்களாகப் பொறுத்திருந்தேன். ஆனால் அந்தக் காணொளியை எனக்கே பதினோரு பேர் அனுப்பிவிட்டார்கள். அவர்களில் மூன்று பேர் சிரிக்கும் முகத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள். மேடையில் நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. பாம்பனிலும் மண்டபத்திலும் அதைப் பார்க்காதவர் இனி யாரும் இல்லை. இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்த நான்கு பிள்ளைகள் பாடிக்கொண்டிருக்கும்போதே ஒலிவாங்கியைக் கையில் வாங்கி, "இது பாட்டா, கூச்சலா?" என்று கேட்ட சிறப்பு விருந்தினரின் பெயரையும் நான் எழுத மாட்டேன். அவர் அதோடு நிறுத்தியிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன், ஏனென்றால் ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. "லண்டனில் ஒருத்தி இப்படித்தான் அகதி, அகதி என்று சொல்லியே கோடீஸ்வரி ஆனாள், இந்தப் பிள்ளைகளுக்கும் அதே ஆசை" என்று அவர் மேற்கொண்டு சொன்னாரே, முன்வரிசை கை தட்டியதே, அதற்காகத்தான் இந்தப் பதிவு.

அந்த "ஒருத்தி"க்குப் பெயர் இருக்கிறது. மாதங்கி அருள்பிரகாசம், உலகம் எம்.ஐ.ஏ. என்று அறியும். கை தட்டியவர்களில் எத்தனை பேர் அவருடைய ஒரு பாட்டையாவது முழுமையாகக் கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் சொல்ல வருவது மிகச் சிறிய விஷயம்: முதலில் பாட்டைக் கேளுங்கள். கேட்டுவிட்டுத் திட்டுங்கள். கேட்காமலேயே "எங்கிருந்து வந்தவள், என்ன சம்பாதித்தாள்" என்று விசாரிப்பது இசை விமர்சனம் ஆகாது. அது முகாம் வாசலில் நின்று பதிவேட்டைப் பார்க்கிற வேலை.

அவர் 1975-இல் லண்டனின் ஹவுன்ஸ்லோ பகுதியில் பிறந்தவர். ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு போகப்பட்டார். யாழ்ப்பாணத்திலும் கொஞ்ச காலம் நம் சென்னையிலும் வளர்ந்து, 1986-இல், பதினோரு வயதுகூட நிறையாத நிலையில், தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் மறுபடி லண்டனுக்குப் போய்ச் சேர்ந்தார். தான் பிறந்த ஊருக்கே அகதியாகத் திரும்பிய மனுஷி அவர். விருந்தினர் ஐயா இந்த விசித்திரத்தை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அவர் முறையாகச் சங்கீதம் படித்தவர் இல்லை. சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார். எலாஸ்டிகா என்ற இசைக்குழுவின் ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்து கொடுத்து, அவர்களுடைய பயணத்தைப் படம் பிடிக்கப் போன இடத்தில்தான் ரோலண்ட் எம்.சி. 505 என்ற தாளக் கருவியைக் கண்டார். அதை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்தே பாட்டுக் கட்டினார். 2003-இல் வந்த முதல் இசைத்தட்டு அச்சடிக்கப்பட்டது 500 பிரதிகள் மட்டும். ஐந்நூறு! நம் ஊரில் கல்யாணப் பத்திரிகைகூட அதைவிட அதிகமாக அடிப்பார்கள். 2005-இல் முதல் ஆல்பம் வந்தது. அதற்கு 'அருளர்' என்று தன் தந்தையின் இயக்கப் பெயரை வைத்தார். அது பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. அடுத்த ஆல்பத்தை அமெரிக்காவில் செய்யத் திட்டமிட்டபோது 2006-இல் விசா சிக்கலாகிவிட்டது. இசையில் நான் பெரிதாக மதிப்பது அதற்குப் பிறகு அவர் செய்ததைத்தான். நாடு நாடாகப் போய், போன இடத்தில் கிடைத்த தாளத்தையெல்லாம் சேர்த்து, சென்னையில் உறுமி மேளக்காரர்களை உட்கார வைத்துப் பதிவு செய்து, 2007-இல் அந்த ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதற்குத் தன் தாயின் பெயரை வைத்தார்: 'கலா'. எல்லையில் தடுக்கப்படுகிறவர்களின் பக்கம் நின்று கேலியும் கோபமுமாகப் பாடிய அதன் ஒரு பாட்டு அமெரிக்கப் பாடல் வரிசையில் நான்காம் இடம் வரை போனது. விசா கொடுக்க யோசித்த நாட்டில்தான், ஐயா.

"அவர் தமிழில் பாடவில்லையே" என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டீர்கள், உள்பெட்டியில் இரண்டு பேர் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆம், ஆங்கிலத்தில்தான் பாடுகிறார். வளர்ந்த தெருவில் பேசிய மொழியில் பாடுகிறார். ஆனால் அந்த உறுமி எந்த மொழி? முதன்முறை கேட்டபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் பிடிக்கவில்லை, தலைவலியாக இருந்தது. பக்கத்தில் தைத்துக்கொண்டிருந்த என் அம்மாதான் மிஷினை நிறுத்திவிட்டு, "உது உறுமி அல்லோ? அம்மன் கோயில்ல அடிக்கிறது?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் ஒரு சொல்கூடத் தெரியாத அம்மாவுக்கு அரை நிமிடத்தில் புரிந்தது, மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவருக்குப் புரியவில்லை. நம் பிள்ளைகள் சனிக்கிழமை வாசித்ததும் கைப்பேசித் தாளத்தோடு கலந்த பறைதான். அது அவர் காதில் விழவே இல்லை. பிள்ளைகளின் முகவரிதான் விழுந்தது.

இந்தக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு வருத்தம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு தலைமுறை முழுவதும் இங்கே இலங்கை வானொலியில்தான் நம் சினிமாப் பாட்டையே கேட்டது. கடலைத் தாண்டி வந்த அந்த ஓசையிடம் எவரும் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை. அதுவும் போகட்டும். சிலோன் மனோகர் என்று நாம் அன்போடு அழைத்த ஏ. ஈ. மனோகரன் யார்? பொப்பிசைக்காரர், இலங்கையிலிருந்து வந்தவர், சென்னையில் வாழ்ந்து 2018-இல் சென்னையிலேயே இறந்தார். பாதி சிங்களமும் பாதி தமிழுமாக அவர் பாடிய 'சுராங்கனி' இல்லாமல் ஒரு காலத்தில் இங்கே கல்யாணக் கச்சேரியே கிடையாது. மீன் கொண்டுவந்த கதையைச் சிங்களத்தில் பாடியபோது துண்டை வீசி ஆடியவர்கள்தானே நீங்கள்? அன்றைக்குத் தமிழ் கெட்டுப் போகவில்லை. அன்றைக்கு அது கூச்சலாகவும் படவில்லை. வந்தவர் சிரிக்க வைத்தால் கலைஞர். வந்தவர் தான் பட்டதைப் பாடினால் வியாபாரி. இப்படி ஒரு கணக்கு இருக்கிறது என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள், நாங்களும் அதற்கேற்ப நடந்துகொள்கிறோம்.

அடுத்து, பணம். கோடீஸ்வரி என்ற அந்தச் சொல். இந்தக் குற்றச்சாட்டு இராமேசுவரத்தில் கண்டுபிடிக்கப்பட்டது என்று விருந்தினர் பெருமைப்பட வேண்டாம். 2010-இல் அமெரிக்காவின் பெரிய நாளிதழ் ஒன்றின் ஞாயிறு இதழில் மாதங்கியைப் பற்றி நீண்ட கட்டுரை வந்தது. ஏதிலியின் குரலாகப் பேசிக்கொண்டே விலையுயர்ந்த காளான் மணமூட்டிய உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டார் என்று அதில் எழுதினார்கள். இவர் என்ன செய்தார்? தன்னிடம் இருந்த ஒலிப்பதிவை வெளியிட்டார். அந்த வறுவலை வாங்கலாம் என்று பேச்சை எடுத்ததே பேட்டி எடுக்க வந்தவர்தான் என்று அதில் தெரிந்தது. மேற்கோள்களைக் கையாண்ட விதம் பற்றி அந்த நாளிதழும் பிறகு ஒரு திருத்தக் குறிப்புப் போட வேண்டியிருந்தது. ஒரு தட்டு உருளைக்கிழங்கு! ஊர்விட்டு வந்தவன் கடைசிவரை கஞ்சி குடித்துக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் அவன் பட்ட துன்பம் பொய். முகாமில் ஒரு வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, "அகதிக்கு வந்த வாழ்வைப் பார்" என்று என் காதுபடச் சொன்னவர்கள் உண்டு. அதே வறுவல்தான், ஊர்தான் வேறு.

"நடுவிரலைக் காட்டியவள்தானே?" என்பார்கள். காட்டினார். 2012-இல் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சியில் காட்டினார். அதற்கு அந்த விளையாட்டு அமைப்பு முதலில் 15 லட்சம் டாலரும் பின்னர் மொத்தமாக 1.66 கோடி டாலரும் கேட்டு மல்லுக்கட்டியது. 2014-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அந்த விரலை நான் நியாயப்படுத்தவில்லை. என் பிள்ளை மேடையில் அப்படிச் செய்தால் கன்னத்தில் ஒன்று வைப்பேன். ஆனால் ஒரு விரலுக்கு அத்தனை கோடி என்று விலை போட்டவர்களைப் பார்த்தும் கொஞ்சம் கோபப்படலாமே, ஏன் அங்கே மட்டும் நமக்குக் கோபம் வருவதில்லை?

தடுப்பூசி முதலானவற்றைப் பற்றி அண்மை ஆண்டுகளில் அவர் சொன்னவற்றை நான் ஏற்கவில்லை. சரி, போதுமா?

இப்போது என்னைப் பற்றி. எழுதக் கூடாது என்று நினைத்ததும் இதைத்தான். 1990-இல் அம்மா என்னை இடுப்பில் கட்டிக்கொண்டு படகேறினார். எனக்கு அப்போது நான்கு வயது. மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு போய்விட்டது என்று அம்மா சொல்வார், எனக்கு நினைவில் இருப்பது தண்ணீர்த் தாகம் மட்டும்தான். மண்டபம் முகாமில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு பழைய தையல் மிஷின் வந்து சேர்ந்தது, அதன் சத்தத்தில்தான் நான் தூங்கினேன், அதன் சத்தத்தில்தான் படித்தேன். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பாட்டுப் பாட என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். இரண்டு வாரம் ஒத்திகை நடந்தது. கடைசி நாளில் ஒரு ஆசிரியை, "உன் வாயைத் திறந்தாலே சிலோன் வாடை அடிக்குது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பின்வரிசைக்கு அனுப்பி, வாயை மட்டும் அசைக்கச் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை. எனக்குப் பழைய நோட்டுகளெல்லாம் கொடுத்தவர். நான் வாயை அசைத்தேன். அன்று அம்மா தைத்துக் கொடுத்த ஊதா நிறப் பாவாடையைப் பின்வரிசையில் எவரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பெரிய பாடகியாக வந்திருப்பேன் என்று நான் சொல்லவில்லை. என் குரல் சுமார்தான். நான் பாடியதைக் கேட்டுவிட்டு "சுமார்" என்று சொல்லியிருந்தால் இன்று இந்தப் பதிவு இல்லை.

2009 பிப்ரவரியில் முகாமில் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில், போர் நடந்துகொண்டிருந்த வன்னியின் செய்தியைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதே மாதம் 8-ஆம் தேதி, பிரசவத்துக்குக் குறித்திருந்த நாளன்றே, நிறைமாத வயிற்றோடு மாதங்கி கிராமி மேடையில் நின்று பாடினார். அதே மாதம் ஆஸ்கர் விழாவில் ஏ. ஆர். ரகுமான் இரண்டு விருதுகளை வாங்கி நம்மையெல்லாம் அழ வைத்தார். அந்த ஆண்டு ரகுமானின் இன்னொரு பாட்டும் ஆஸ்கர் பரிந்துரையில் இருந்தது, அதில் அவரோடு பங்கு பெற்றவர் இந்த மாதங்கி. ஊர் முழுக்கப் பட்டாசு வெடித்தது, வெடிக்க வேண்டியதுதான். அந்தப் பட்டியலில் இருந்த இரண்டாவது தமிழ்ப் பெயரை மட்டும் ஒருவரும் உரக்கச் சொல்லவில்லை. எனக்கே பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். அந்த நாட்களில் வாய்ப்புக் கிடைத்த இடத்திலெல்லாம் அவர் போரைப் பற்றிப் பேசினார், பேசியதற்காகப் பரிகசிக்கப்பட்டார். அகதி அகதி என்று சொன்னார் என்கிறீர்களே, அந்த மாதத்தில் அவர் வேறு எதைச் சொல்லியிருக்க வேண்டும்? வானிலையையா?

2020-இல் பிரிட்டிஷ் அரச மரபின் எம்.பி.இ. பதக்கத்தை வாங்கியபோது அவர் சொன்ன ஒரு செய்தி என்னை விட்டுப் போகவே இல்லை. அகதியாக லண்டன் வந்த அவருடைய தாய் கலா, இத்தகைய அரச பதக்கங்களுக்குக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலையைக் குறைந்த கூலிக்குப் பல ஆண்டுகள் செய்தவர். மகள் நெஞ்சில் குத்தியது தாய் தைத்துப் பிழைத்த பண்டம். இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஒண்டுக்கு எவ்வளவு குடுத்தவங்களாம்?" என்று கேட்டார். தையல்காரிக்கு வர வேண்டிய முதல் கேள்வி அதுதான், நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

2021-இல் அகதி முகாம் என்ற பெயரை மாற்றி, இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று அரசே அறிவித்தது. நல்ல மனத்தோடு செய்த காரியம், நன்றி. பலகையில் மாறிய சொல் வாயில் மாறவில்லை என்பதைச் சனிக்கிழமை பார்த்தோம். அந்த நான்கு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். நான்கு பேரும் என்னிடம் டியூஷன் படித்தவர்கள், அதில் ஒருவன் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன். அவர்களைப் பார்த்து "வந்தவர்கள்" என்று சொல்வதானால், எங்கிருந்து வந்தார்கள்? மண்டபம் அரசு மருத்துவமனைக்குப் பக்கத்திலிருந்தா?

"ஒரு பேச்சை இவ்வளவு பெரிதாக்க வேண்டுமா, அவர் பெரிய மனிதர், முகாமுக்கு எத்தனையோ உதவி செய்தவர்" என்று நாளை பின்னூட்டம் வரும். செய்திருக்கிறார். அரிசி கொடுத்திருக்கிறார், போர்வை கொடுத்திருக்கிறார், வாங்கியிருக்கிறோம். வாங்கியதற்கு வாயை மட்டும் அசைக்க வேண்டுமானால் அதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். அவர் அந்தப் பாட்டை ஒரு முறை, மூன்றரை நிமிடம், முழுதாகக் கேட்கட்டும். கேட்டுவிட்டுப் பறை பிசகியது என்று சொல்லட்டும், இரண்டாம் சரணத்தில் சுருதி போனது என்று சொல்லட்டும். போனதுதான், நானே பையன்களிடம் சொன்னேன்.

அன்றிரவு நான்கு பேரும் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்திருந்தார்கள், உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. மேடைக்கென்று அவர்கள் போட்டிருந்த கறுப்புச் சட்டை அம்மா தைத்தது, கூலி வாங்கவில்லை. நடந்ததை நான் பக்குவமாகச் சொல்ல முயன்றேன். அம்மா முழுவதையும் கேட்டார். பிறகு எழுந்து போய், பறை அடித்த பையனின் கையைத் தூக்கி, கக்கத்துப் பக்கம் விளக்கு வெளிச்சத்தில் தடவிப் பார்த்துவிட்டு, "ஆடேக்க தையல் விட்டுப் போகேல்லத்தானே?" என்று கேட்டார்.