நளினத்துக்கு அளவுகோல் யார் கையில்?
ஃபிகர் ஸ்கேட்டிங் (பனித்தளத்தில் சறுக்கியபடி ஆடும் விளையாட்டு) ரசிகர்கள் 'ஆணுக்குத் தாவல், பெண்ணுக்கு நளினம்' என்று பங்கு பிரிப்பதை இந்தக் கட்டுரை நன்றாகவே சொல்கிறது. சரி, ஆனால் சூர்யா பொனாலி பெயர் ஓரிடத்தில்கூட இல்லையே! ஐந்து முறை ஐரோப்பியப் பட்டம் வென்ற பிரெஞ்சு வீராங்கனை. கறுப்பினப் பெண். அவர் ஆடினால் நளினம் யார் கண்ணிலும் படாது, 'பலசாலி' என்ற சொல்தான் முந்திக்கொண்டு வரும். (ஜிம்னாஸ்டிக்ஸிலிருந்து வந்தவர் என்பதும் உண்மைதான்.) 1998 நகானோ ஒலிம்பிக்கில், தடைசெய்யப்பட்டிருந்த பின்பல்டியை அடித்து ஒற்றைக் காலில் இறங்கினார். மதிப்பெண் போகும் என்று தெரிந்தே செய்தார். 2024-இல் அந்தத் தடை நீங்கிவிட்டது. இப்போது அமெரிக்க ஆண் வீரர் இலியா மாலினின் அதையே அடித்தால் அரங்கம் அதிர்கிறது.

உடையிலும் இதே கதைதான். தனிநபர் போட்டியில் பெண்கள் கால்சட்டை போட்டு ஆட 2004-இல்தான் வழிவிட்டார்கள்.

பெண்களுக்குப் பலம் போதாது என்று இங்கே கருத்து எழுதியிருக்கும் நண்பருக்கு ஒன்று: 1902 உலகப் போட்டியில் பிரிட்டிஷ் வீராங்கனை மாட்ஜ் சையர்ஸ் ஆண்களோடு மோதி இரண்டாம் இடம் பிடித்தார். அப்புறம் என்ன செய்தார்கள் தெரியுமா? பெண்கள் அதில் கலந்துகொள்ளவே தடை போட்டார்கள்.