மூன்றாம் பிரிவைப் பற்றியும் பேசுங்கள்

ஒரே நாடு ஒரே தேர்தல், தொகுதி மறுவரையறை என்று அரசியலமைப்புத் திருத்தம் பற்றி எங்கும் விவாதம். பேசட்டும். ஆனால் எல்லையோரத்தில் வாழும் எனக்கு முதலில் திருத்த வேண்டியதாகப் படுவது, மாநிலங்களைப் பிரிக்கவும் எல்லைகளை மாற்றவும் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தரும் 3ஆம் பிரிவு.

எங்கள் ஊர் நகரிக்குப் பக்கம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்தால் மாநில எல்லையைத் தாண்டித்தான் திருத்தணி போகவேண்டும். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தில் சேர்ந்தது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். தாத்தாவுக்குக் கடைசிவரை அந்த வருத்தம் இருந்தது. ஆனால் தன்னை ஏமாற்றிவிட்டார்கள் என்று அவர் சொல்லிக் கேட்டதில்லை. எல்லைத் தகராறைத் தீர்க்க வந்த நடுவர் படாஸ்கர், கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழிக்காரர்கள் அதிகம், நிலம் தொடர்ந்து வருகிறதா என்று பார்த்துச் சொன்னார். இரண்டு மாநிலங்களும் ஏற்றுக்கொண்டன. நம்மையும் ஒரு கணக்கில் எடுத்தார்கள் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது.

2014-இல் அப்படியா நடந்தது? ஜனவரி 30 அன்று ஆந்திரச் சட்டமன்றம் தெலங்கானாவைத் தனி மாநிலமாகப் பிரிக்கும் மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரி 18 அன்று மக்களவை, 20 அன்று மாநிலங்களவை அதை நிறைவேற்றிவிட்டன. எங்கள் பிள்ளைகள் வேலை தேடிப் போன ஹைதராபாத் வேறு மாநிலமாகிவிட்டது. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, அதுதான் வேதனை. 3ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும், அதை ஏற்கவேண்டிய கட்டாயமில்லை. சாதாரணப் பெரும்பான்மையில் முடித்துவிடலாம், 4ஆம் பிரிவு இதை அரசியலமைப்புத் திருத்தமாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஜி.எஸ்.டி.க்கான 101ஆவது திருத்தத்துக்குப் பாதி மாநிலங்களின் ஒப்புதலாவது தேவைப்பட்டது.

சரி, மாநிலத்தின் சம்மதம் கட்டாயம் என்று இருந்திருந்தால் தெலங்கானா பிறந்திருக்குமா? பிறந்திருக்காது. அந்த மக்களின் நீண்ட போராட்டத்தை ஒருங்கிணைந்த சட்டமன்றப் பெரும்பான்மை முடக்கியிருக்கும். இந்தக் கேள்வி என்னைப் பல நாள் குழப்பியது. அதனால்தான் சட்டமன்றத்துக்குத் தடை அதிகாரம் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பிரியும் பகுதி மக்களிடம் வாக்கெடுப்பு நடத்துங்கள். நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும் என்று வையுங்கள். சட்டமன்றம் மறுத்தால் ஓராண்டாவது பொறுத்து, தண்ணீர், தலைநகரம், வேலைவாய்ப்பு எல்லாவற்றையும் பேசித் தீர்த்த பிறகு மசோதா வரட்டும்.

அப்புறம், 2019-இல் ஜம்மு காஷ்மீரில் சட்டமன்றமே இல்லாத நேரத்தில் மாநிலத்தை இரண்டு யூனியன் பிரதேசங்களாகப் பிரித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றம் இல்லாத காலத்தில் ஒரு மாநிலத்தின் எல்லையைத் தொடவே கூடாது என்று அந்தப் பிரிவிலேயே எழுதவேண்டும்.