தங்கமீனை விட்டுவிடுங்கள், பாவம்

'மனிதனின் கவனம் 8 நொடி, தங்கமீனுக்கு 9 நொடி' என்ற ஃபார்வர்டு எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு மறுபடியும் வந்திருக்கிறது. சித்தப்பா உபயம். 2015-இல் மைக்ரோசாஃப்ட்டின் கனடா பிரிவு விளம்பரக்காரர்களுக்காகப் போட்ட அறிக்கையால் பரவிய வரி அது. அவர்களும் வேறொரு இணையதளத்திலிருந்துதான் எடுத்திருந்தார்கள். பிறகு பத்திரிகையாளர்கள் மூலத்தைத் தேடிப் போனால், ஆய்வு என்று ஒன்றும் சிக்கவில்லை. தங்கமீனை உட்காரவைத்து நொடி எண்ணியது யார் என்று சித்தப்பாவிடம் கேட்டேன். கும்பிடு எமோஜி வந்தது.

மூளை மழுங்கிவிட்டது என்று நான் நம்பவில்லை. ஐபிஎல் மேட்ச்சைக் கடைசிப் பந்து வரை அசையாமல் பார்க்கிற பையனுக்குக் கவனமே இல்லை என்றால் எப்படி? ஆனால் ஏதோ நடக்கிறது என்பதும் உண்மைதான். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் க்ளோரியா மார்க், அலுவலகங்களில் வேலை செய்பவர்களைக் கூடவே இருந்து கவனித்தவர். 2004 வாக்கில் ஒரு திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்த கவனம், பின்னாளில் 47 நொடிக்கு இறங்கிவிட்டதாகச் சொல்கிறார். எனக்கு இதைவிட உறைத்தது இன்னொன்று: குறுக்கீடுகளில் கிட்டத்தட்டப் பாதி, நாமாகவே செய்துகொள்வது. போன் சத்தம் போடாவிட்டாலும் கை அதை நோக்கிப் போகிறது.

சரி, போனை ஓரமாக வைத்துவிட்டுப் படி என்கிறோம். எங்கே வைப்பது?

அண்ணன் மகள் நீட்டுக்குப் படிக்கிறாள். இயற்பியல் வகுப்பு, போனில், 2எக்ஸ் வேகத்தில். வாத்தியார் மூச்சு விடாமல் பேசுகிறார். திரையின் மேலே ஒரு பட்டை இறங்குகிறது: பயிற்சி மையத்தின் குழுவில் யாரோ சந்தேகம் கேட்கிறார்கள். போய்ப் பார்க்கிறாள். அங்கேயே நாளைய தேர்வு நேரம் மாறிய அறிவிப்பு. அதற்குத் தோழியின் கிண்டல், இவளுடைய பதில். திரும்பி வந்து வீடியோவைப் பின்னால் தள்ளி, விட்ட இடத்தைத் தேடுகிறாள். "கொஞ்ச நேரம் அதைக் கீழ வையேன் பாப்பா" என்றார் அண்ணி. "வச்சிட்டு எதுல படிக்கிறதும்மா?" என்றாள். அண்ணியிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

என் கோபமெல்லாம் இங்கேதான். 2020 ஊரடங்கில் வேறு வழியில்லாமல் பாடத்தைப் போனுக்குள் கொண்டுபோனோம். பள்ளி திறந்த பிறகும் பல இடங்களில் அது அங்கேயே தங்கிவிட்டது. வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில், மாதிரித் தேர்வு ஆப்பில், முடிவு ராத்திரி பத்து மணிக்குக் குழுவில். அதே கருவியில்தான் ரீல்ஸும் இருக்கிறது. இவ்வளவையும் செய்துவிட்டுப் பிள்ளைக்கு மன உறுதி இல்லை என்று திட்டுவது என்ன நியாயம்?

2017-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். போனை மேசைமேல் வைத்தவர்களைவிட, அடுத்த அறையில் விட்டுவந்தவர்கள் தேர்வை நன்றாகச் செய்தார்கள். பிற்பாடு வேறு சிலர் செய்து பார்த்தபோது அந்த வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும் அடுத்த அறையில் வைத்துப் பார்ப்பதற்குக் காசா பணமா?

(நம் சதாவதானிகள் ஒரே நேரத்தில் நூறு விஷயம் கவனித்தார்களே என்று யாராவது கமெண்ட்டில் வருவீர்கள். செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் அதைச் செய்து காட்டினார், உண்மை. அதற்குப் பின்னால் இருந்தது பல வருடப் பயிற்சி. அவர் நடுவில் எழுந்துபோய் ஸ்டேட்டஸ் பார்க்கவில்லை.)

பள்ளிகளிடமும் பயிற்சி மையங்களிடமும் பெற்றோர் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுப்பாடத்தை டைரியில் எழுதச் சொல்லுங்கள். வினாத்தாளை அச்சடித்துக் கொடுங்கள், ஜெராக்ஸ் செலவை நாங்கள் தருகிறோம். அறிவிப்பு இருந்தால் மாலையில் ஒரே ஒரு முறை, அதுவும் பெற்றோர் போனுக்கு. உங்கள் பிள்ளைகளின் பள்ளியில் இன்னும் டைரி வழக்கம் இருக்கிறதா? இருந்தால் எந்த ஊர் என்று சொல்லுங்கள், தெரிந்துகொள்கிறேன்.