வயிற்று அமிலம் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை

“வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் பிழைக்காது, பயப்படாதீங்க” என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். பாதிதான் சரி. பெரும்பாலானவை செத்துப்போகும், அதனால்தான் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்குக் குடல் தொற்று வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் குடல் தொற்றை உண்டாக்கும் சால்மொனெல்லா என்ற பாக்டீரியாவை லேசான அமிலத்தில் கொஞ்ச நேரம் வைத்தாலே போதும், அது பாதுகாப்புப் புரதங்களைத் தயாரித்துக்கொண்டு, அப்புறம் வரும் கடுமையான அமிலத்தையும், முன்பு தாங்கியிருக்கவே முடியாத அளவில், தாங்கிவிடும்.

இதோடு முடியவில்லை. சால்மொனெல்லாவின் சவ்வில் ஃபோக்யூ என்ற உணரிப் புரதம் இருக்கிறது. நம் வெள்ளணு அந்தக் கிருமியை விழுங்கியதும், உள்ளே இருக்கும் அமிலத்தன்மையையும் கிருமிகொல்லிப் புரதத் துண்டுகளையும் அந்த உணரி கண்டுகொண்டு, ஃபோபி என்ற இன்னொரு புரதத்துக்குத் தகவல் கொடுக்க, அது தற்காப்புக்கும் தாக்குதலுக்குமான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. அதாவது கொல்வதற்காக நம் உடல் உண்டாக்கும் சூழலே அதற்கு எச்சரிக்கை மணி!

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இன்னொரு பாக்டீரியா வயிற்றிலேயே குடியிருக்கிறது. யூரியாவை அம்மோனியாவாக மாற்றித் தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொள்ளும். பெரும்பாலான வயிற்றுப் புண்களுக்கு இதுதான் காரணம் என்று காட்டியதற்காகவே பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பெற்றார்கள். தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள், இதை நம்பிக் கை கழுவாமல் விடுபவர்கள் இருப்பார்கள்.