ஓட்ஸ்ல மரக்கறி போட்டா நஞ்சாகுமா? பொய்!

திருகோணமலை பக்கத்து வாட்ஸ்அப் குரூப்புகள்ல ஒரு வொய்ஸ் சுத்துது, ஓட்ஸோட கரட், கீரை சேர்த்து அவிச்சா வயித்துக்குள்ள நஞ்சாகுமாம், பிள்ளையளுக்கு குடுக்கவே வேணாமாம். பொய். அப்பிடி ஒண்டும் நடக்காது.

ஒரு துளி உண்மையை ஊதிப் பெருசாக்கி இருக்கினம். ஓட்ஸ்ல பைட்டேட் எண்டொரு சாமான் இருக்கு, அது இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்சுறதை கொஞ்சம் குறைக்கும், ஆனா அது பருப்பு, குரக்கன்லயும்தான் இருக்கு, நஞ்சில்ல. இறக்கினாப்பிறகு தேசிக்காய் பிழிஞ்சா அதுல இருக்கிற வைட்டமின் சி இரும்பு சேர உதவும். கரட்டைத் துருவிப் போட்டு கடைசில ரெண்டு கரண்டி தேங்காய்ப்பால் விடுங்கோ, கரட்டில இருக்கிற பீட்டா கரோட்டின் உடம்புல சேர கொழுப்பு வேணும். 40 கிராம் ஓட்ஸ்ல நார்ச்சத்து 4 கிராம் அளவுதான், மரக்கறி போட்டா இன்னும் கூடும்.

காலமை இலைக்கஞ்சி குடிக்கிற சனம் நாங்கள், அரிசியும் இலையும் தேங்காய்ப்பாலும் ஒரே சட்டில கொதிக்கிறதுதானே அது, அதை ஆரும் நஞ்செண்டு சொல்லேல்லயே!

சிறுநீரகத்துல கல் இருக்கிறவை மட்டும் பசளி மாதிரி ஒக்ஸலேட் (சிலருக்கு கல் உண்டாக்கக்கூடிய ஒரு சாமான்) கூடின கீரையைப் பற்றி டொக்டரிட்ட கேட்டுட்டுப் போடுங்கோ.