குதிரைமசாலுக்குத் தரிசு நிலம்: பரவும் தகவல் சரியா?

"இலையுதிர் காலத்தில் குதிரைமசால் விதைக்கணுமா? கோடை முழுக்க நிலத்தைச் சும்மா போடுங்கள், விதைக்கும் முன் ஆழ உழுதால் போதும்" என்று, குதிரைமசால் என்ற கால்நடைத் தீவனப் பயிரைப் பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

சும்மா கிடக்கும் நிலத்தில் களைக்குத்தான் கொண்டாட்டம். கீரை இனக் களைச்செடி ஒன்றே லட்சம் விதைக்கு மேல் உதிர்க்கும். மண் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். பூக்கும் முன்பே வெட்டியோ, மேலாக உழுதோ அழிக்க வேண்டும். களைக்கொல்லி என்றால் லேபிளைப் பாருங்கள், சிலவற்றின் எச்சம் மண்ணில் தங்கி அடுத்த பயிரின் நாற்றைக் கருக்கும்.

கடைசி நேர ஆழ உழவு இன்னும் மோசம். இந்த விதை பொடிசு. 6 முதல் 12 மில்லிமீட்டர் ஆழம்தான் தாங்கும். பொலபொலவென்ற மண்ணில் அது ஆழத்தில் புதைந்துவிடும், மேல்மண்ணும் சீக்கிரம் காயும். ஆழ உழவு தேவையானால் கோடைத் தொடக்கத்திலேயே முடித்து, மண் படிய விடுங்கள். விதைக்கும் முன் நடந்து பாருங்கள்: குதிகால் தடம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் அமிழ்ந்தால் உருளை ஓட்டி இறுக்க வேண்டும்.

அப்புறம் சுண்ணாம்பு. மண் அமிலமாக இருந்தால் சரிசெய்ய இதைத்தான் இட வேண்டும், ஆனால் வேலை செய்யப் பல மாதம் பிடிக்கும். மண் பரிசோதனையை விதைப்பு வாரத்துக்குத் தள்ளிப்போட்டால் பயனில்லை.