அலிக்குக் கடைசிவரை விடை கிடைக்காத ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு சலூன். எனக்கு முன்னால் மூன்று பேர். பேப்பர் எல்லாம் பக்கம் பக்கமாகப் பிரித்து வாசித்து முடிந்துவிட்டது. கதிரையில் இருந்த கம்பஸ் பெடியன் போனில் முகமது அலியின் குத்துச்சண்டைக் கிளிப் ஒன்றைப் பார்த்துவிட்டு, "அலிக்கு ஆகக் கஷ்டம் குடுத்த ஆள் போர்மன்தான், என்ன அண்ணை?" என்று முடிவெட்டுகிற அண்ணையிடம் கேட்டான். வாங்கில் இருந்த இளைப்பாறிய மாஸ்ரர் கையிலிருந்த பேப்பரை மடித்து வைத்தார்.

"தம்பி, பிரேசியரை விட்டிட்டு என்ன கதை கதைக்கிறாய்?"

அதோடு கத்தரிக்கோல் நின்றுவிட்டது. நான் சொன்ன பெயர் இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. கென் நோர்ட்டன். முழுக்கச் சொல்லி முடிக்குமுன் என் முறை வந்துவிட்டது. சொல்லாமல் விட்டது மூன்று நாளாக நெஞ்சுக்குள் கிடக்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் அலி என்றால் அப்பாதான். 1974 ஒக்டோபர் 30, கின்ஷாசாவில் விடியப்புறம் நாலு மணிக்கு அலியும் போர்மனும் ஏறியபோது எங்கள் நேரம் காலை எட்டரை. அப்பா பள்ளிக்கூடத்தில். நாட்டில் ரீவி வந்ததே 1979இல்தான். அப்பா அந்தச் சண்டையை ரேடியோச் செய்தியில் ஒரு வரியாகக் கேட்டவர், பேப்பரில் ஒரு படமாகப் பார்த்தவர், அவ்வளவுதான். எண்பதுகளின் கடைசியில் லண்டன் மாமா ஒரு கசற் அனுப்பினார். ரீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஒழுங்கையே எங்கள் முற்றத்தில் இருந்து பார்த்தது. அப்பா அன்றுதான் அலி அசைவதை முதன்முதலில் கண்டார். அந்தக் கசற் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வோடு போய்விட்டது. அதுவும் ஒரு ஒக்டோபர் 30. அந்தத் தேதிக்கு எங்கள் வீட்டில் இரண்டு நினைவு, இரண்டாவதைப் பற்றி அப்பா அதிகம் கதைப்பதில்லை.

சரி, போர்மனுக்கு வருகிறேன்.

போர்மனைச் சொல்கிறவர்களின் நியாயம் விளங்குகிறது. அலியோடு ஏறும்போது அவருக்கு 25 வயது, 40 சண்டையில் 40 வெற்றி, அதில் 37 நொக் அவுட். பிரேசியரை 1973 ஜனவரியில் கிங்ஸ்டனில் இரண்டு சுற்றுக்குள் ஆறு தரம் விழுத்தியவர். நோர்ட்டனையும் இரண்டு சுற்றில் முடித்தவர். 32 வயது அலி உயிரோடு இறங்குவாரா என்று பயந்தவர்கள் இருந்தார்கள். 2025 மார்ச்சில் போர்மன் காலமானபோது என் பக்கம் முழுக்க அந்தச் சண்டைதான் ஓடியது. ஆனால் நடந்தது என்ன? அலி கயிற்றில் சாய்ந்து நின்று, அடிக்க விட்டு, ஆளைக் களைக்க வைத்து, எட்டாம் சுற்றில் விழுத்தினார். பயங்கரமான கேள்விதான். ஆனால் ஒரே இரவில், எட்டுச் சுற்றுக்குள் விடை வந்துவிட்டது. சண்டைக்கு முன் இருந்த பயத்தையும் சண்டைக்குள் இருந்த கஷ்டத்தையும் ஒன்றாகப் போட்டு நிறுக்கக் கூடாது.

மாஸ்ரரின் பிரேசியர் அப்படி இல்லை. அவரைத் தள்ளிவிட எனக்கு மனம் வராது. 1971 மார்ச் 8, மடிசன் ஸ்குவெயார் கார்டன். தோல்வியே தெரியாத இரண்டு பேர். பதினைந்தாம் சுற்றில் பிரேசியரின் இடதுகைக் கொக்கிக் குத்து அலியின் தாடையில் விழுந்து, அலி மல்லாக்க விழுந்து, அந்த நிமிடமே எழும்பியதை மாஸ்ரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். அலியின் முதல் தோல்வி அது. பிறகு 1975இல் மணிலா. காலை பத்தேமுக்காலுக்குத் தொடங்கிய சண்டை, வெக்கை, பதினாலு சுற்று. பிரேசியரின் கண்கள் வீங்கி மூடிவிட்டன. பதினைந்தாம் சுற்றுக்கு அவரை அனுப்ப அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச் மறுத்துவிட்டார். சாவுக்குக் கிட்டப் போய் வந்ததாக அலியே சொன்ன சண்டை. மூன்று தரம் மோதி 41 சுற்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக ஏலாது. வியட்நாம் போருக்குப் போகமாட்டேன் என்றதற்காக அலியின் பட்டத்தையும் லைசன்சையும் பறித்துவைத்திருந்த காலத்தில் அவருக்காகக் கதைத்தவர், கை கொடுத்தவர் பிரேசியர். அந்த மனிசனை அலி ஊர் முன்னால் குரங்கு என்று கூப்பிட்டார். அலியை நேசிக்கிறவன் நான், ஆனால் அதை நியாயப்படுத்தமாட்டேன். பிரேசியர் அந்தக் காயத்தோடு எத்தனையோ வருடம் வாழ்ந்தார்.

ஆனாலும் வலி வேறு, புதிர் வேறு. பிரேசியர் குனிந்து, தலையை ஆட்டி, நேரே உள்ளே வருவார். அதற்கு அலி பெரிய விலை கொடுத்தார், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரண்டாவது சண்டையில் பிடரியைப் பிடித்து அணைத்து நிறுத்தினார். மணிலாவில் நேர் வலதுகையை முகத்துக்கு விட்டுக்கொண்டே இருந்தார். ஒரு தோல்வி, பிறகு இரண்டு வெற்றி, கடைசியில் எதிராளி பதினைந்தாம் சுற்றுக்கு வராமலே முடிந்தது. படிப்படியாக அலி அவரைப் படித்துவிட்டார்.

நோர்ட்டனை அப்படிப் படிக்க முடியவில்லை.

சலூனில் அந்தப் பெடியனைக் கழுத்தில் கட்டிய துணியோடே எழும்பி நிற்கச் சொன்னேன். "இடது கையை நீட்டிக் குத்து பாப்பம்." அலியின் ஆட்டமே அந்த இடதுகை ஜாப்தான். இடுப்பளவில் கிடக்கிற கை சாட்டை மாதிரி வெளியே வரும். எதிராளி ஜாப் விட்டால் அலி தன் வலதுகையால் அதைத் தட்டிவிடுவார், அல்லது தலையைப் பின்னுக்கு எடுத்துவிடுவார். நோர்ட்டனையும் பழக்கிய அதே ஃபட்ச் கண்டுபிடித்தது என்னவென்றால், அலி தானே ஜாப் விடுகிற கணத்தில் மட்டும் அந்த வலதுகை காவலில் இருக்காது. ஆகவே நோர்ட்டனுக்கு அவர் சொல்லிக் கொடுத்தது சின்ன விசயம்: வலதுகையை நாடிக்குப் பக்கத்தில் உயர்த்தி வை, அலியின் ஜாப் வந்து அதில் விழும், விழுகிற அதே நேரம் உன் ஜாப்பை விடு, ஒரு அடி முன்னுக்கு வை. பெடியன் குத்தினான், நான் வலது உள்ளங்கையில் பிடித்தேன், என் இடதுகை அவன் மூக்குக்கு முன்னால் நின்றது. அவன் ஒரு அடி பின்னுக்குப் போனான். திரும்பவும் செய்தோம், திரும்பவும் ஒரு அடி. நாலாவது தரம் அவன் முதுகு கண்ணாடியில் முட்டியது. "கயிறு," என்றார் மாஸ்ரர், தானாகவே. அதுதான் ஃபட்சின் கணக்கு. கயிற்றில் சாய்ந்தவுடன் தலையைத் தேடாதே, உடம்புக்கு இரண்டு கையாலும் கொடு.

அதோடு நோர்ட்டனின் அந்த நண்டுக் காவல். கைகள் இரண்டும் நெஞ்சுக்குக் குறுக்கே, பின் காலை இழுத்து இழுத்து வருவார். தாளம் பிடிபடாது. யாரோடும் ஆடி, அந்த ஆளின் தாளத்தைக் கெடுத்து வென்ற அலிக்கு, இந்த ஆளிடம் கெடுக்க ஒரு தாளமே அகப்படவில்லை.

1973 மார்ச் 31, சான் டியேகோ. பெரிய பெயர் ஒன்றும் இல்லாத, முன்னாள் மரைன் படைக்காரர். அலியின் தாடை உடைந்தது. இரண்டாம் சுற்றிலேயே உடைந்தது என்று அலியின் மூலையில் நின்ற அவருடைய பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி சொன்னார், கடைசிச் சுற்றுகளில்தான் என்று நோர்ட்டன் சொன்னார். எப்படியோ பன்னிரண்டு சுற்றும் அலி நின்றார், தோற்றார். "அண்டைக்கு அலி வடிவாப் பயிற்சி எடுக்கேல்லை" என்று பெடியன் சொன்னான். உண்மைதான், அந்த ஆளை அலி பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் அந்தச் சாட்டு ஒரு தரத்துக்குத்தான் செல்லும். செப்டெம்பரில் உடம்பை இறக்கி, ஒழுங்காகத் தயாராகி வந்தார். அப்போதும் நடுவர்கள் பிரிந்துதான் அலிக்குக் கொடுத்தார்கள். மூன்று வருடம் கழித்து, போர்மனையும் பிரேசியரையும் வென்ற சம்பியனாக வந்தார். அப்போதும் பதினைந்து சுற்று. மூன்று சண்டை, 39 சுற்று, ஒரு தரம்கூட நோர்ட்டனை அலியால் விழுத்த முடியவில்லை.

மாஸ்ரர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. "அப்பிடிப் பெரிய ஆள் எண்டால், போர்மனிட்டை ஏன் இரண்டு ரவுண்டிலை போனவர்? ஷேவர்சிட்டை ஒரு ரவுண்டும் நிக்கேல்லையே?" உண்மை. 1981இல் கூனியிடம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. பலமாகக் குத்துகிறவன் முன்னுக்கு வந்தால் நோர்ட்டனுக்குப் பின்னுக்குப் போகத் தெரியாது. ஆனால் நாங்கள் தேடுவது உலகத்தின் ஆகச் சிறந்த ஆளை இல்லை ஐயா, அலிக்குக் கஷ்டமான ஆளை. பூட்டு எவ்வளவு பெரிது என்பது வேறு கதை, இந்தச் சாவி அதைத் திறக்கிறதா என்பது வேறு கதை. போர்மனின் சாவி நோர்ட்டனைத் திறந்தது. அலியின் சாவி திறக்கவில்லை.

இன்னும் ஒன்று. நோர்ட்டனுக்குப் பின்னால் நின்ற ஃபட்ச்தான், 1971இல் பிரேசியரின் மூலையிலும் நின்றவர். அலி வலதுகையைக் கீழே இறக்கி மேல்நோக்கிக் குத்த வரும்போது இடது கொக்கியை விடு என்று பிரேசியருக்குச் சொன்னவரும் அவர்தான். பதினைந்தாம் சுற்றில் அலியை விழுத்திய குத்து அதுதான். இதய முணுமுணுப்பால் தான் தொழில்முறையாகக் குத்துச்சண்டை போட முடியாமல் போனவர், வெளியே நின்று பார்த்தே அலியின் இரண்டு ஓட்டையையும் கண்டுபிடித்தார். அவருக்கு ஒரு பெரிய போஸ்டரும் இல்லை. அதே மனிசன்தான் மணிலாவில், வெல்லச் சாத்தியம் இருக்கலாம் என்ற நிலையிலும், தன் பிள்ளை சாகக் கூடாது என்று சண்டையை நிறுத்தினார். இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

இப்போது மூன்றாவது சண்டை. 1976 செப்டெம்பர் 28, யாங்கி ஸ்டேடியம். நியூயோர்க் பொலிஸ்காரர் மறியல் செய்துகொண்டிருந்த இரவு. பதினாலு சுற்று முடிந்தபோது இரண்டு நடுவர்களின் சீட்டில் 7–7. நோர்ட்டனின் மூலையில், வென்றுவிட்டோம், கடைசிச் சுற்றில் அவதானமாக இரு என்றார்கள். அலியின் மூலையில், இந்தச் சுற்றை எடு என்றார்கள். அலி எடுத்தார். முடிவு 8–7, 8–7, 8–6 (ஒரு சுற்று சமம்). நோர்ட்டன் அழுதுகொண்டு இறங்கினார். 2013இல் இறக்கும்வரை தான்தான் வென்றேன் என்று நம்பினார். நானும் அப்படித்தான் நம்புகிறேன். தாடையை உடைத்த ஆள் என்று ஒரு வரியில் அவரை முடித்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மனிசன் அலிக்கு ஒரு தரம் இல்லை, மூன்று தரமும் அதே கேள்வியைக் கேட்டவர்.

லாரி ஹோம்சைச் சேர்க்கவில்லையா என்று கேட்பீர்கள். 1980இல் அவரோடு ஏறும்போது அலிக்கு 38 வயது. அந்தச் சண்டையை நான் ஒருதரம் பார்த்தேன், திரும்பப் பார்க்கமாட்டேன்.

சலூனை விட்டு இறங்கும்போது பெடியனிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். யாங்கி ஸ்டேடியம் சண்டையை முழுசாகப் பார், வர்ணனை உன்னை இழுக்கும், சத்தத்தை நிப்பாட்டு, ஒரு கொப்பித் தாளில் சுற்றுக்குச் சுற்று புள்ளி போடு. மாஸ்ரரிடமும் சொன்னேன். கண் சரியில்லை, மகனின் பெரிய ரீவியில் பார்க்கிறேன் என்றார்.

இரவு பதினொன்றரைக்குப் பெடியன் தாளைப் படம் எடுத்து அனுப்பினான். அடித்து அடித்துத் திருத்தியிருந்தது. கீழே எழுதியிருந்தான்: "எனக்கு 8–7 அலி எண்டுதான் வருது அண்ணை. ஆனா நாலு ரவுண்டைத் திரும்பத் திரும்பப் பாத்தனான். கடைசி ரவுண்டுக்கு முதல் எனக்கும் 7–7."